எஞ்சின் விளக்கும் எலி கடித்த கம்பியும்

மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியதும் முகப்புப் பலகையில் பல விளக்குகள் ஒருங்கே எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணைவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் எஞ்சினின் உருவம் வரைந்த மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது அணையாமல் நின்றுவிட்டாலோ, பிரயாணத்தின் நடுவே திடீரென்று எரியத் தொடங்கினாலோ, வண்டிக்காரருக்கு வயிற்றிலே புளியைக் கரைக்கும். வண்டியோ நன்றாகத்தான் ஓடுகிறது. புகையில்லை, சத்தமில்லை. எனினும் விளக்கு எரிகிறது.

சொந்த ஊராக இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் போய்த் தாய்மொழியிலே நான்கு கேள்வி கேட்கலாம். பிழைப்பை நாடித் தில்லிக்கோ மும்பைக்கோ வந்து குடியேறிய நமக்கு அந்த வசதி இல்லை. அங்கே ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: “சென்சார் கராப் ஹை, பதல்னா படேகா.” சென்சார் கெட்டுவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்பது பொருள். மாற்றுகிறோம், ஆயிரக்கணக்கில் ரூபாய் போகிறது. பத்து நாளில் விளக்கு மறுபடியும் எரிகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது எரிச்சலைப் பற்றித்தான். கெட்டது சென்சார் என்னும் உணர்கருவியா, அல்லது அதற்குச் செல்லும் கம்பியா? இதைப் பணம் செலவழிப்பதற்கு முன்பே கண்டுகொள்ளும் வழி உண்டு.

முதலில் விளக்கின் பிறப்பைச் சற்று அறிந்துகொள்வோம். அது எஞ்சினைக் காப்பதற்காக வந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அது காற்றைக் காப்பதற்காக வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1988-ஆம் ஆண்டு முதல் புது வண்டிகள் தம் குறையைத் தாமே கண்டறிந்து விளக்கேற்றிக் காட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 1996-இல் அந்நாடு முழுவதும் ஒரே மாதிரியான குறியீடுகளும், ஒரே மாதிரியான பதினாறு துளைச் சாக்கெட்டும் கட்டாயமாயின. நம் நாட்டில் பி.எஸ்.-4 விதிகளோடு 2010-இல் இம்முறையின் முதற்படியும், 2013 ஏப்ரலில் இரண்டாம் படியும் வந்தன. 2020 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த பி.எஸ்.-6 விதிகள் இதை இன்னும் இறுக்கின. ஆகவே அண்மைக் காலத்துக் கார் எதை எடுத்துக்கொண்டாலும், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, பலகையின் அடியில் அந்தச் சாக்கெட் இருக்கும். அதிலே ஸ்கேனர் என்னும் சிறு கருவியைச் செருகினால் வண்டி தன் குறையைச் சொல்லும். கைப்பேசியோடு சேர்ந்து வேலை செய்யும் எளிய ஸ்கேனர்கள், ஒரு சென்சாரின் விலையைவிட மிகக் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன.

விளக்கு அசையாமல் எரிந்தால் அவசரமில்லை. வீடு போய்ச் சேர்ந்து நிதானமாகப் பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால், எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது என்று கொள்ள வேண்டும். அந்நிலையில் விரட்டி ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் விலையுயர்ந்த பகுதி வெந்துபோகும். எண்ணெயையோ வெப்பத்தையோ குறிக்கும் சிவப்பு விளக்கு வேறு சங்கதி. அது எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். எஞ்சினை ஆளுவது ஒரு சிறு கணிப்பொறி. மூடிய உலோகப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் அது தானாக எதையும் பார்ப்பதில்லை. எஞ்சின் எவ்வளவு சூடு, உள்ளே போகும் காற்று எவ்வளவு, அச்சு எந்த வேகத்தில் சுற்றுகிறது என்றெல்லாம் உணர்கருவிகள் சொல்ல, கம்பிகள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கணிப்பொறிக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: தன் வாசலில் வந்து நிற்கும் மின்னழுத்தம், அதாவது இத்தனை வோல்ட்டு என்பது.

கடிதப் போக்குவரத்தே உறவைத் தாங்கிய காலத்தை மூத்த நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரிலிருந்து மாதக்கணக்கில் கடிதம் வரவில்லையென்றால் தாயாருக்கு உடம்பு சரியில்லையோ என்று மனம் பதறும். ஆனால் தாயார் எழுதியிருப்பார். விலாசம் மாறியிருக்கும், மழையில் பை நனைந்திருக்கும், அல்லது பக்கத்து வீட்டார் வாங்கி வைத்து மறந்திருப்பார்கள். கடிதம் வரவில்லை என்பது மட்டுமே நமக்கு உறுதி. கணிப்பொறியின் நிலையும் அதுவே. செய்தி ஒழுங்காக வரவில்லை என்றுதான் அது சொல்கிறது. எழுதினவர் மேல் தவறா, எடுத்து வந்தவர் மேல் தவறா என்று அது சொல்வதில்லை.

அது சொல்லும் மொழியைச் சற்றுக் கூர்ந்து படித்தால் இந்த வேறுபாடு தெரியும். குறியீடு என்பது ‘பி’ என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. எடுத்துக்காட்டாக, பி-0118 என்பதன் விளக்கம் ‘எஞ்சின் குளிர்நீரின் வெப்பத்தைக் காட்டும் மின்சுற்றில் அழுத்தம் மிகுதி’ என்பதாகும். பி-0335 என்பது ‘அச்சின் சுழற்சியைக் காட்டும் மின்சுற்றில் கோளாறு’. இரண்டிலும் ‘மின்சுற்று’ என்ற சொல் இருக்கிறது. ‘உணர்கருவி கெட்டது’ என்று எங்கும் இல்லை. மின்சுற்று என்றால் உணர்கருவி, அதன் கப்ளர், அங்கிருந்து ஓடும் கம்பிகள், நடுவே உள்ள இணைப்புகள், எர்த், கணிப்பொறியின் வாசல் ஆகிய அத்தனையும் சேர்ந்தது. பட்டறையில் அந்த நீண்ட வாக்கியத்தைப் படிக்கும்போது ‘மின்சுற்று’ என்ற சொல் நழுவி, ‘சென்சார்’ என்ற சொல் மட்டும் தங்கிவிடுகிறது. நம் பணம் அந்த இடைவெளியில்தான் போகிறது.

எல்லாக் குறியீடும் இத்தகையது அன்று. பி-0171 என்பது எரிபொருள் கலவையில் காற்று மிகுந்திருக்கிறது என்று சொல்வது. அங்கே கம்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காற்று எங்கோ கசிந்து உள்ளே புகுகிறதா என்று முதலில் தேட வேண்டும். மின்சுற்றைக் குறிக்கும் குறியீடுகளைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குளிர்நீர் வெப்பத்தைக் காட்டும் உணர்கருவியைப் பார்ப்போம். எளிமையானது, இரண்டே கம்பிகள் கொண்டது. அதனுள்ளே ஒரு பொருள் இருக்கிறது. குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை மிகுதியாகத் தடுக்கும். சூடேற ஏறத் தடை குறையும். பல வண்டிகளில் 20 டிகிரி செல்ஷியஸில் இரண்டாயிரம் மூவாயிரம் ஓம் இருக்கும் தடை, 80 டிகிரியில் சுமார் முந்நூறு ஓம் ஆகிவிடுகிறது. கணிப்பொறி தன்னிடமிருந்து 5 வோல்ட்டை ஒரு நிலையான தடையின் வழியே அனுப்பிவிட்டு, கம்பியில் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கிறது. அதிலிருந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

இப்போது அந்தக் கம்பியை எலி கடித்துத் துண்டித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் ஓட வழியில்லை. 5 வோல்ட்டும் அப்படியே நிற்கிறது. அழுத்தம் மிகுதியென்றால் தடை மிகுதி. தடை மிகுதியென்றால் கடுங்குளிர். ஆகவே கணிப்பொறி, நீரின் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரி என்று படிக்கிறது! சென்னையிலிருந்து வந்த புதிதில் தில்லியின் தை மாதக் குளிரைக் கண்டு நடுங்கியவர்களும், அங்கே மைனஸ் 40 என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். கணிப்பொறியும் நம்புவதில்லை. விளக்கை ஏற்றி, பி-0118 என்று எழுதி வைத்துவிட்டு, தானே ஒரு வெப்பத்தை ஊகித்துக்கொண்டு வண்டியை ஓட்டுகிறது. பல வண்டிகளில் ரேடியேட்டர் விசிறி இடைவிடாமல் சுழலத் தொடங்கும். தற்காப்புக்காகத்தான் அது அப்படிச் செய்கிறது. அதே கம்பி அறுபடாமல், உறை தேய்ந்து வண்டியின் உலோக உடலைத் தொட்டால் நேர்மாறாக நடக்கும்: அழுத்தம் பூச்சியமாகும், நீர் தாங்கொணாக் கொதி நிலையில் இருப்பதாகக் காட்டும், குறியீடு பி-0117 ஆகும்.

இதிலிருந்தே சோதனைக்கு ஒரு வழி பிறக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சூடாறவிட்டு, உணர்கருவியின் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் வெப்பத்தைப் பாருங்கள். மைனஸ் 40 காட்ட வேண்டும். பிறகு சாவியை அணைத்து, கம்பிப் பக்கத்துக் கப்ளரின் இரு துளைகளையும் ஒரு மெல்லிய கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது மேல் எல்லைக்கு, 130 டிகிரிக்கும் மேலே, தாவ வேண்டும். இரண்டு விடையும் சரியாக வந்தால் கம்பியும் கணிப்பொறியும் குற்றமற்றவை, உணர்கருவியை மாற்றலாம். இணைத்த பின்னும் மைனஸ் 40-லேயே நின்றால் உணர்கருவியை மாற்றிப் பயனில்லை, குற்றம் கம்பியில். இரண்டில் எந்தக் கம்பி? மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரியின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையால் கப்ளரின் துளைகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் 5 வோல்ட்டு வந்தால் செய்திக் கம்பி நலம், எர்த் கம்பி அறுந்திருக்கிறது. எதிலும் வரவில்லையென்றால் செய்திக் கம்பியே அறுந்தது. இதற்கெல்லாம் கால் மணி நேரம் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. துளைகளை இணைத்துப் பார்க்கும் இந்த உபாயம் இரு கம்பி வெப்ப உணர்கருவிக்கு மட்டுமே உரியது. மூன்று கம்பி உணர்கருவிகளில் ஒன்று நேரே 5 வோல்ட்டைக் கொண்டுவருவது. அதை எர்த்தோடு இணைத்தால் வீண் வம்பு.

அந்த 5 வோல்ட்டுக் கம்பியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ஒரே 5 வோல்ட்டு ஊற்றிலிருந்து இரண்டு மூன்று உணர்கருவிகள் பருகுகின்றன. ஒரு தெருக் குழாயில் பல வீட்டார் தண்ணீர் பிடிப்பதைப் போல என்று கொள்ளலாம். ஓரிடத்தில் குழாய் உடைந்தால் எல்லா வீட்டிலும் குடம் காலி. ஒரே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், ஆக்ஸிலரேட்டர் பக்கத்து உணர்கருவி, காற்றழுத்த உணர்கருவி எல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போனதாகக் குறியீடுகள் வரிசையாக வரும். சில சமயம் வண்டியே கிளம்பாது. பட்டியலைக் கண்டு திகைக்கும் நமக்கு ‘எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்’ என்ற யோசனை வந்து சேரும். தனித்தனி உணர்கருவிகள் ஒரே நாளில் கூட்டாக இறப்பது மிக அரிது. பல குறியீடுகள் சேர்ந்து வந்தால் அவற்றுக்குப் பொதுவானது எது என்று கேட்க வேண்டும்: ஒரே 5 வோல்ட்டா, ஒரே எர்த்தா, ஒரே ஃப்யூஸா?

எனக்குத் தெரிந்த ஒருவர் இராமநாதபுரத்துக்காரர். தில்லியில் சொந்தமாக வாடகைக் கார் ஓட்டுகிறார். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை. வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி போயிற்று. அவருடைய வண்டியில் பி-0135, பி-0141 என்று இரண்டு குறியீடுகள் ஒருசேர வந்தன. புகைக்குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் உணர்கருவிகள் இரண்டு உண்டு. அவை விரைவில் சூடேறுவதற்காக உள்ளே சிறு அடுப்பு போன்ற ஹீட்டர் வைத்திருப்பார்கள். அந்த ஹீட்டர்களின் மின்சுற்றையே இக்குறியீடுகள் குறிக்கின்றன. ஒரு பட்டறையில் இரண்டு சென்சாரையும் மாற்றினார்கள். எரிந்துபோன ஃப்யூஸ் ஒன்றையும் மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. எல்லாருக்கும் திருப்தி. ஒன்பதாம் நாள் மறுபடியும் அதே இரண்டு குறியீடுகள். இந்த முறை, கணிப்பொறியே கெட்டுவிட்டது என்றும், அதை மாற்றப் பெருந்தொகை ஆகும் என்றும் சொன்னார்கள்.

அவர் தவணைப் பணத்தை அதற்குக் கொடுக்கத் தயாராகிவிட்டார். வண்டி ஓடாமல் நிற்பதைவிடக் கடன் வாங்குவது மேல் என்பது அவருடைய கணக்கு. நல்ல வேளையாக, கொடுப்பதற்கு முன்னால் வேறொரு வயதான வயரிங் மிஸ்திரியிடம் வண்டியைக் காட்டினார். அந்தப் பெரியவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. “இரண்டும் ஒன்றாகவா போயின?” என்று இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். ஃப்யூஸைப் பார்த்தார், மறுபடியும் எரிந்திருந்தது. வண்டியின் அடியில் படுத்துக் கம்பிக் கற்றையைத் தடவிக்கொண்டே போனார். பின் பக்கத்து உணர்கருவியின் கப்ளருக்கு ஒரு முழம் முன்னால், கற்றையைப் பிடித்து நிறுத்தும் கிளிப் உடைந்து, கம்பி தொங்கிப் புகைக்குழாயின்மேல் உறை உருகிக் கிடந்தது. வேகத்தடையில் வண்டி குலுங்கும்போது செம்பு இரும்பைத் தொடும்; ஃப்யூஸ் போகும்; அதே ஃப்யூஸிலிருந்து மின்சாரம் பெறும் இரண்டு ஹீட்டர்களும் ஒன்றாக அணையும். முதன்முறை விளக்கை அணைத்தது புதுச் சென்சார்கள் அல்ல, புது ஃப்யூஸ். கம்பியைச் சரிசெய்து கிளிப்பைப் போட்டதற்கு ஆன செலவு, மாற்றிய சென்சார்களின் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

கம்பி கெடும் விதம் ஊருக்கு ஊர் சற்று மாறுகிறது. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் குளிர்காலத்தில் எலிகள் சூடான எஞ்சினுக்கு அடியில் ஒண்டுகின்றன. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை; எதையாவது கடித்துத் தேய்த்தால்தான் அதற்கு நிம்மதி. பெங்களூரு அடுக்குமாடி வீடுகளின் தரையடி நிறுத்தங்களிலும் இதே கதைதான். பல நாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியில் விளக்கு எரிந்தால் முதலில் எலிப் புழுக்கையைத் தேடுங்கள். மும்பையில் ஆனி ஆடி மழையும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து கப்ளருக்குள் புகுகின்றன. செம்பில் களிம்பு ஏறும் என்பது நம் முன்னோர் நன்கு அறிந்த உண்மை. கப்ளரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பூத்திருப்பது அந்தக் களிம்புதான். அது மின்சாரத்தை முழுவதும் தடுப்பதில்லை, பாதி தடுக்கும். ஆகவே செய்தி அடியோடு நின்றுபோகாமல் பொய்ச் செய்தியாக வரும். இவற்றோடு நாமே செய்துகொள்ளும் வினையும் உண்டு. கண்ணைப் பறிக்கும் விளக்கு, காதைப் பிளக்கும் ஹாரன், பின்னால் பார்க்கும் காமிரா, பிற்காலத்தில் பொருத்திய சி.என்.ஜி. சாதனம் ஆகியவற்றுக்காகக் கம்பிக் கற்றையை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி விட்டிருப்பார்கள். கோடை வெயிலில் டேப்பின் பசை இளகும். மழைக்காலத்தில் தண்ணீர் புகும். பழைய வண்டியை வாங்குவோர் முதலில் இப்படிப்பட்ட முடிச்சுகளைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் விளக்கு ஒரு கணம் எரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கிறார்கள்.

அறுந்த கம்பியைக் கண்டுபிடிப்பது எளிது. அறுந்தும் அறுபடாத கம்பிதான் ஆளை அலைக்கழிப்பது. உறைக்குள்ளே இருபது இழைகள் இருந்த இடத்தில் ஒரே இழை மிஞ்சியிருக்கிறது என்று கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சோதித்தால் ‘கம்பி நலம்’ என்றே சொல்லும். ஏனென்றால் மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்சாரம். அதற்கு ஓர் இழையே தாராளம். கயிற்றுப் பாலத்தில் கோழி நடந்து போயிற்று என்பதற்காக யானையையும் நடத்தலாம் என்று முடிவு செய்வதைப் போன்றது அது. ஆகவே ஹீட்டர் போன்ற சுமையுள்ள கம்பிகளைச் சுமையோடுதான் சோதிக்க வேண்டும். கப்ளரைக் கழற்றி, ஹீட்டருக்கு வரும் 12 வோல்ட்டுக் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே சாதாரண வண்டி பல்பு ஒன்றை இணைத்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் கம்பி நலம், மங்கினால் வழியில் ஏதோ தடை. இந்தப் பல்பை உணர்கருவியின் செய்திக் கம்பியில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கணிப்பொறியின் உள்ளுறுப்பு அந்தச் சுமையைத் தாங்காது. எர்த் கம்பியைச் சோதிக்க, கப்ளரைக் கழற்றாமலே அதன் பின்புறமாக மெல்லிய ஊசியை நுழைத்து, அதற்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தை அளக்க வேண்டும். அது 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தில் ஐயம் கொள்ளலாம். சோதனைக்காகக் கம்பியின் உறையைக் குத்தித் துளைப்பது தவறு. அந்தத் துளையே அடுத்த மழையில் களிம்புக்கு வாசலாகும்.

மிகப் பழைய சோதனை ஒன்றும் உண்டு. எஞ்சினை நிதானமாக ஓடவிட்டு, ஒருவர் ஸ்கேனரில் அளவைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் சுழலும் பாகங்களுக்கு எட்ட நின்று, கம்பிக் கற்றையை மெல்ல அசைத்துக்கொண்டே போவது. ஓரிடத்தில் கை பட்டதும் அளவு துள்ளினால் அங்கேதான் நோய். நாடி பிடிக்கும் வைத்தியர் செய்வதும் ஏறக்குறைய இதுவே. கற்றை வளையும் இடம், கூரிய தகட்டின் ஓரம், புகைக்குழாயின் பக்கம், எஞ்சினுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே அது ஊசலாடும் இடம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. கப்ளரின் உள்ளே ஊசி வளைந்திருக்கிறதா, பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறதா, ரப்பர் வளையம் இருக்கிறதா என்பதையும் கண்ணாலேயே காணலாம்.

பி-0335 என்னும் குறியீட்டைத் தனியே குறிப்பிட வேண்டும். அச்சின் சுழற்சியைக் காட்டும் செய்தி நின்றால் எப்போது பெட்ரோலைத் தெளிப்பது, எப்போது பொறியைத் தட்டுவது என்று கணிப்பொறிக்குத் தெரியாது; எஞ்சினும் நின்றுபோகும். நெடுஞ்சாலையில், பின்னே லாரி வரும்போது இப்படி நின்றால் உயிருக்கே ஆபத்து. சூடேறியதும் நின்று, ஆறியதும் கிளம்பும் வண்டியைப் ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று ஓட்டுவது கூடாது. உணர்கருவி சூட்டில் தவறுவதும் உண்டு, கம்பி சூட்டில் நெகிழ்வதும் உண்டு. இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மெக்கானிக்குகள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி எண்ணுவது அநியாயம். கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். அந்த நேரத்துக்குக் கூலி கேட்டால், ‘ஒரு கம்பியை ஒட்டவா இவ்வளவு?’ என்று நாமே சண்டைக்குப் போகிறோம். புது உதிரிப் பாகத்தைப் பெட்டியோடு காட்டினால் மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்து வைக்கிறோம். பார்த்துப் பார்த்து அவர்களும் தேடுவதை விட்டார்கள், மாற்றுவதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “பஹலே வயரிங் செக் கீஜியே, உஸ்கா பைசா அலக் தூங்கா.” முதலில் வயரிங்கைச் சோதியுங்கள், அதற்குத் தனியாகப் பணம் தருகிறேன் என்பது பொருள். பெண் நேயர்கள் ‘தூங்கா’ என்பதைத் ‘தூங்கீ’ என்று மாற்றிக்கொள்ளலாம். தில்லி காஷ்மீரி கேட், கொல்கத்தா மல்லிக் பஜார், பெங்களூரு ஜே.சி. ரோடு போன்ற உதிரிப் பாகக் கடைத்தெருக்களின் பக்கத்தில், வயரிங் ஒன்றையே தொழிலாகக் கொண்டவர்களை விசாரித்துக் கண்டுபிடிக்கலாம். பிளக்கோடு சிறிது கம்பியும் சேர்ந்த கப்ளர்கள் அத்தகைய கடைகளில் தனியாகவே விற்கும்.

பழுது பார்க்கும்போது பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கெட்ட பகுதியை வெட்டியெறிந்து, அதே பருமனுள்ள கம்பியை வைத்துப் பற்றவைத்தோ, அழுத்தி இணைத்தோ, சூட்டில் சுருங்கி ஒட்டும் குழலை மேலே போட வேண்டும். வெறும் முறுக்கும் டேப்பும் இரண்டு மழைக்குத் தாங்கா. ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஓடும் இரட்டைக் கம்பிகளை அந்தப் பின்னல் கலையாமலே இணைக்க வேண்டும். அது அழகுக்காகப் போட்ட பின்னல் அன்று, பக்கத்து மின்சாரத்தின் இரைச்சல் செய்தியில் கலவாதிருக்கப் போட்டது. மஞ்சள் நிறத்துக் கம்பிகள் பெரும்பாலும் காற்றுப்பையைச் சேர்ந்தவை. மின்சார வண்டிகளிலும் ஹைபிரிட் வண்டிகளிலும் ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிரைக் குடிக்கும் அழுத்தத்தைச் சுமப்பவை. இவ்விரண்டையும் பழக்கமில்லாத கை தொடக் கூடாது.

குறியீட்டை அழிப்பதற்கு முன் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறை தோன்றிய கணத்தில் வண்டி என்ன வேகத்தில் போயிற்று, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்பவற்றையும் பல வண்டிகள் சேர்த்து வைத்திருக்கும்; அவற்றையும் குறித்துக்கொள்வது நல்லது. குளிர்ந்திருக்கும்போது வருகிறதா, குலுங்கும்போது வருகிறதா என்ற துப்பு அதிலேதான் கிடைக்கும். பழுதைச் சரிசெய்த பின், ஸ்கேனரால் அழிக்காவிட்டாலும், பொதுவாகத் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் குறை காணாவிட்டால் விளக்கு தானே அணைந்துவிடும்.

எப்படியும் சென்சாரை மாற்றியே தீரவேண்டும் என்று பட்டறையில் சொல்லி, நீங்களும் இசைந்துவிட்டால், கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டு வாங்கித் துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். விளக்கு மீண்டும் எரிந்து, குற்றம் கம்பியில் என்று பின்னால் தெரியவந்தால், அந்தப் பழையது நல்ல நிலையில் உள்ள சென்சார்தான். மற்றொரு நாளைக்கு உதவும்.